மீனைவிட சினை கனம்

டிர்ரிங்… டிர்ரிங்…

1954, வைகாசி மாதம். திங்கட்கிழமை காலை ஏழு மணி.

செங்கல்பட்டில் போலீஸ் இன்ஸ்பெக்டர் ராமானுஜத்தின் வீட்டு டெலிபோன் அலறியது. நெற்றியில் அப்போதுதான் இட்ட திருமண் ஈரம் காயவில்லை. ரிஸீவரை எடுத்தார்.

"சார், ஹெட் கான்ஸ்டபிள் காசிநாதன் பேசறேன். மகாபலிபுரத்துலேர்ந்து. குப்பத்துக்கு வடக்கே சவுக்குத் தோப்புல ஒரு பொணம்."

"யாரு?"

"நீலமேகம்னு ஒருத்தன். மீன் புடிக்கிறவன். நேத்து மத்தியானம் வலை பின்னப் போனவன் வூடு திரும்பல. நெஞ்சுல ஓட்டை."

"கத்தியா?"

"குண்டு சார். சுண்டு விரலை வெச்சுப் பார்த்துட்டேன்."

மகாபலிபுரத்தில் ஆயிரம் வருஷமாகக் கல்லைத்தான் துளைத்துக்கொண்டிருந்தார்கள். மனிதனைத் துளைத்தது இதுதான் முதல் தடவை.

பீரோவிலிருந்து பெல்ட்டை எடுத்து மாட்டினார். உறையில் அவருடைய சர்க்கார் ரிவால்வர். மூன்று மாதமாக அதை அவர் திறந்து பார்த்ததில்லை. கனம் இடுப்பில் விழுந்தால் போதும், யூனிபாரம் பூர்த்தியாகிவிட்டது என்று நினைக்கிற மனிதர்.

வாசலில் மகன் பட்டாபி நின்றிருந்தான். இருபது வயது. கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"அப்பா… உங்ககிட்டே ஒண்ணு சொல்லணும்."

"வந்து கேட்கறேன்."

"இப்பவே சொல்லணும்ப்பா."

"ஒரு மனுஷன் செத்துக் கிடக்கறான்டா. உன் பரீட்சை மார்க்குதான் இப்போ முக்கியமா?"

ஜீப் கிளம்பியது. கேட்டிருக்கலாம். அந்த ஒரு நிமிஷம் நின்று கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

●

மத்தியானத்துக்குள் கொலைகாரன் கிடைத்துவிட்டான்!

பெயர் தேசப்பன். செத்துப்போன நீலமேகத்துக்குத் தங்கை புருஷன். சனிக்கிழமை இரண்டு பேருக்கும் வலையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சண்டை. "உன்னைச் சுட்டுப் போட்டுடுவேன் மச்சான்" என்று தேசப்பன் கத்தியதைக் குப்பமே கேட்டிருந்தது.

அவன் குடிசைக் கூரையில் கையை விட்டார் காசிநாதன். எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு கைத்துப்பாக்கி வந்தது. கூடவே ஒரு அட்டைப் பெட்டி. பெட்டிமேல் பெரிய எண்: 380.

"இது ஏதுடா?"

"ஜப்பான் சண்டை டயத்துல பட்டாளத்தாருங்க இங்க கூடாரம் போட்டுகினு இருந்தாங்க சாமி. போறப்ப மணல்ல பொதைச்சுட்டுப் போனது. சொறா வந்தா காட்டலாம்னு வச்சிருந்தேன்."

"சுறாவுக்குத் துப்பாக்கி காட்டினா பயப்படுமாடா?"

"அது தெரியாமத்தான் இதுவரைக்கும் காட்டல சாமி. ஒண்ணுகூட சுட்டது இல்ல. எண்ணிப் பாருங்க."

ராமானுஜம் அங்கே எண்ணவில்லை. பெட்டியோடு செங்கல்பட்டு திரும்பியபோது இருட்டிவிட்டது. துப்பாக்கியையும் பெட்டியையும் தன் வீட்டு பீரோவில், ரிவால்வருக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். சாவிக்கொத்து வழக்கம்போல மனைவி பெருந்தேவியின் இடுப்புக்குப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை ஸ்டேஷனில் பெட்டியைக் கவிழ்த்து எண்ணினார். இருபத்தைந்து இருக்கவேண்டிய பெட்டி.

இருபத்துநாலு!

அன்றைக்கே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் வந்தது. நீலமேகத்தின் முதுகெலும்பில் சிக்கியிருந்த குண்டு. முனை நசுங்கிக் கோணியிருந்தது. தடிமன் மட்டும் தெரிந்தது. 380 வகையாக இருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

"இருபத்தஞ்சாவது எங்கேடா?"

"தெரியாது சாமி."

"உன் மச்சான் நெஞ்சிலேர்ந்து எடுத்தாச்சு. எங்கேன்னு நீயே சொல்லிடு."

"பிரமாணமா தெரியாது சாமி. அவன் எம்பொஞ்சாதிக்கு அண்ணன். நாளைக்குச் சண்டை போடவும் அவன்தான வேணும் எனக்கு?"

லத்தி இறங்கியது. தேசப்பன் தலையைக் காப்பாற்ற வலது கையைத் தூக்கினான். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்த சத்தம் காசிநாதனுக்கும் கேட்டது.

அடித்தது ராமானுஜம்தான். முப்பது வருஷ சர்வீஸில் லஞ்சம் வாங்காதவர். அந்தத் திமிரில் அடித்தார்.

அன்று மாலை பட்டாபி மறுபடி வந்தான். "அப்பா, ஒண்ணு…" என்றான். "கேஸ் முடியட்டும்" என்றார். புதன்கிழமை காலை மறுபடி வந்தான். "ஆம்பிளையா லட்சணமா இருடா, சும்மா மூக்கைச் சிந்திண்டு" என்றார்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

●

வியாழக்கிழமை காலை. கோர்ட் கொடுத்த காவல் முடிந்து, மறுநாள் தேசப்பனை மறுபடி ஆஜர் செய்ய வேண்டும்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். திருக்கழுக்குன்றம் வழியாக நடந்தே வந்த புழுதி முழங்கால் வரை. தேசப்பனின் மனைவி, நீலமேகத்தின் தங்கை. பெயர் மீனாட்சி.

"உன் புருஷனைப் பார்க்கணுமா?" என்று கேட்டார் ராமானுஜம்.

"அப்பாலிக்கா பாக்கறேன் சாமி. என் அண்ணன் நெஞ்சுல இருந்துச்சே, அத நான் ஒருவாட்டி கையில புடிக்கணும்."

"எதுக்கு?"

"அண்ணன எரிச்சுட்டோம். கடைசியா அவன்கூட இருந்தது அது ஒண்ணுதான. இருபத்தெட்டு வருசம் கூடப் பொறந்தவ நானு. எனக்குக் காட்ட மாட்டியா?"

காசிநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராமானுஜம் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார்.

மீனாட்சி அதை வலது உள்ளங்கையில் வாங்கினாள். அழுதாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. குண்டைக் கையில் வைத்து மெல்ல மேலும் கீழும் ஆட்டினாள், குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி.

சட்டென்று கை நின்றது.

"என் வூட்ல எடுத்தீங்களே, அதுல ஒண்ணு குடு சாமி."

"தோட்டாவா? எதுக்கு?"

"குடேன்."

அவர் பெட்டியிலிருந்து ஒரு முழுத் தோட்டாவை எடுத்து அவள் இடது கையில் போட்டார். அவள் இரண்டு கைகளையும் ஆட்டினாள். கைமாற்றிப் பிடித்தாள். மறுபடி ஆட்டினாள். பதினைந்து வருஷமாகத் திருப்போரூர் சந்தையில் மீன் விற்கிற கை அது. ஒரு இறால் குறைந்தாலும் தராசுக்கு முன்னால் அந்தக் கை சொல்லிவிடும்.

"சாமி, இது முழுசு. பித்தளை, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது. சரியா?"

"சரி."

"இது வெறும் குண்டு. சுட்டப்புறம் மிஞ்சினது. சரியா?"

"ஆமாம்மா. அதுக்கு என்ன?"

"வெறும் குண்டுதான் கனமா கீது."

ராமானுஜம் சிரித்தார். "கை மரத்துப்போச்சு உனக்கு."

"மரத்தது என் கை இல்ல." அவள் குரல் உயரவே இல்லை. "மீனைவிட சினை கனமா இருக்குமா சாமி? எந்தக் கடல்ல கீது அப்படி ஒரு மீனு?"

●

காசிநாதன் ஓடினார். பஜார்த் தெருவில் நகை செய்கிற பத்தரிடம் கெஞ்சித் தராசையும் ஒரு கைப்பிடி குன்றிமணியையும் வாங்கிக்கொண்டு பத்து நிமிஷத்தில் திரும்பினார்.

ஒரு தட்டில் அந்த நசுங்கிய குண்டு. இன்னொரு தட்டில் பெட்டியிலிருந்த முழுத் தோட்டா.

குண்டு இறங்கியது. தோட்டா மேலே போயிற்று!

ராமானுஜம் தராசின்மேல் குனிந்தார். "எப்படிய்யா? இதுவும் 380, அதுவும் 380."

"பேருதான் சார் ஒண்ணு. ஒரே பேர்ல ரெண்டு ஊர் இல்லையா? அந்த மாதிரி. தேசப்பன் வூட்ல எடுத்தது பிஸ்டல் 380. குட்டைத் தோட்டா, லேசான குண்டு. தொண்ணூத்தஞ்சு கிரெயின். ரிவால்வர் 380 வேற ஜாதி. தடிமன் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா நீளக் குண்டு, எடை ரெண்டு மடங்கு. நசுங்கிட்டதால நீளம் தெரியல நமக்கு."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலே?"

"செவ்வாக்கிழமை ஆரம்பிச்சேன் சார். 'எனக்கே பாடம் நடத்தறியா'ன்னு கேட்டீங்க. நிறுத்திட்டேன்."

காசிநாதன் தோட்டாவை எடுத்துவிட்டு, அந்தத் தட்டில் ராஜா தலை போட்ட ஒரு பழைய வெள்ளி ரூபாயை வைத்தார். முள் கிட்டத்தட்ட நேராக நின்றது. ரூபாய்ப் பக்கம் ஒரு மயிரிழை தாழ்வு. குண்டோடு ஒரு குன்றிமணியைச் சேர்த்தார்.

இம்மி பிசகாமல் நின்றது.

"ரூபாய் நூத்தி எண்பது கிரெயின். குண்டுமணி ரெண்டு. மிச்சம் நூத்தி எழுபத்தெட்டு." காசிநாதன் சொல்லும்போதே குரல் இறங்கியது. "நம்ம தோட்டாப் பெட்டியில அச்சடிச்சிருக்கற எடை சார் இது. சர்க்கார் தோட்டா."

"நம்ம சரகத்திலே ரிவால்வர் எத்தனை?"

"நாலு. மூணு ரெண்டு மாசமா ஆயுத அறையில பூட்டி சீல் வெச்சிருக்கு."

"நாலாவது?"

காசிநாதன் இன்ஸ்பெக்டரின் இடுப்பைப் பார்த்தார்.

"பைத்தியக்காரா! ஞாயித்துக்கிழமை நான் காஞ்சிபுரத்திலே கருட சேவையிலே இருந்தேன். ரிவால்வர் வீட்டு பீரோவிலே…"

சொல்லிக்கொண்டே உறையிலிருந்து உருவினார். குழலை மடக்கித் திறந்தார். தோட்டாக்களின் அடியில் இருக்கிற விளிம்பைப் பிடித்து அத்தனையையும் ஒரே தள்ளாகத் தள்ளுகிற ரகம் அது.

டக்… டக்… டக்…

மேஜைமேல் ஐந்து தோட்டாக்கள் விழுந்தன.

ஆறாவது வரவில்லை.

ராமானுஜம் ரிவால்வரைக் குலுக்கினார். உள்ளே ஏதோ ஆடியது. காசிநாதன் பென்சிலை விட்டுக் குத்தினார். ஒரு குட்டைத் தோட்டா உருண்டு வந்து மேஜையில் விழுந்தது.

பிஸ்டல் தோட்டா. விளிம்பு இல்லாத தோட்டா. அதனால்தான் உள்ளே நழுவிப்போய் உட்கார்ந்திருந்தது.

தேசப்பனின் இருபத்தைந்தாவது!

அதற்காகத்தான் ஒரு மனிதனின் கை முறிந்தது. அது அப்போதும் முறித்தவரின் இடுப்பில்தான் இருந்தது.

மீனாட்சியைக் காசிநாதன் தாழ்வாரத்துக்கு அனுப்பினார். கதவைச் சாத்தினார்.

"சார், நான் ஒண்ணு சொல்றேன். கோபப்படாதீங்க. இந்தத் தோட்டாவை அந்தப் பெட்டியில போட்டுடுவோம். இருபத்தஞ்சு சரியாயிடும். நம்ம தோட்டா ஒண்ணு நான் எடுத்துத் தரேன், இங்க ஆறு சரியாயிடும். எடையும் ஒத்துப்போகலைன்னு எழுதினா தேசப்பன் வெளியில வந்துடுவான். உங்க வூட்டுக்கும் ஒண்ணும் வராது."

"நீலமேகம்?"

காசிநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

"யாரும் சுடாமலே செத்தான்னு எழுதிடலாமா?" என்றார் ராமானுஜம். தோட்டாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு நடந்தார்.

●

பெருந்தேவி அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் தோட்டாவை அவள் முன்னால் தரையில் வைத்தார்.

கை நின்றது.

"இது என் ரிவால்வருக்குள்ளே எப்படி வந்தது?"

அவள் பொய் சொல்லவில்லை. "நான்தான் வெச்சேன்."

"எப்போ?"

"திங்கக்கிழமை ராத்திரி. ஆறிலே ஒண்ணு குறையறது, அப்பா எண்ணினா தெரிஞ்சுடும்னு குழந்தை அழுதான். பீரோவைத் திறந்தேன். பக்கத்திலேயே பெட்டி இருந்தது. அதிலேயும் 380, உங்களோடதிலேயும் 380. ஒரே நம்பர்தானேன்னு ஒண்ணை எடுத்துப் போட்டேன்."

"அவன் என்ன பண்ணினான்?"

"ஞாயித்துக்கிழமை சிநேகிதாளோட மகாபலிபுரம் போனான். எனக்குத் தெரியாம சாவியை எடுத்து, உங்க துப்பாக்கியை எடுத்துண்டு போய், தோப்புக்குள்ளே தனியாப் போய்ச் சுட்டுப் பார்த்திருக்கான். ஒரே ஒரு தரம். மேட்டிலே வெச்ச பனங்காயைப் பார்த்து. அதுக்குப் பின்னாலே ஒருத்தன் உட்கார்ந்து வலை பின்னிண்டிருந்தது தெரியலையாம்."

"இன்னொருத்தன் தூக்கிலே தொங்கப் போறான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அவனுக்காக மூணு ராத்திரி அழுதேன். ஆனா அவன் நான் பெத்த பிள்ளை இல்லையே." அவள் முகத்தை மூடிக்கொண்டாள். "நம்ம குழந்தையைத் தூக்கிலே போட்டுடுவாளேன்னு பயந்துட்டேன்."

"தவறிப்போய்ச் சுட்டதுக்குத் தூக்கு கிடையாது பெருந்தேவி. அதிகம் போனா ரெண்டு வருஷம். என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"கேட்க விட்டேளா? மூணு தரம் வந்து நின்னான். மூணு தரமும் விரட்டினேள்."

ராமானுஜத்துக்குச் சட்டம் முழுக்க மனப்பாடம். அதைத் தன் வீட்டில் சொல்ல நேரமில்லாமல் போய்விட்டது.

ரேழிக் கதவு திறந்தது. பட்டாபி. நாலு நாள் தாடி. தரையில் கிடந்த தோட்டாவைப் பார்த்தான்.

"அது… ரிவால்வரிலேயா இருந்தது?"

"உன் அம்மா வெச்சாடா."

பட்டாபி சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா, நேத்திக்கு நீங்க சாப்பிட்டுட்டுக் கண் அசந்தேள். பெல்ட் ஆணியிலே தொங்கித்து. ரிவால்வரை எடுத்துண்டு போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுண்டேன். இங்கே…" நெற்றிப் பொட்டைத் தொட்டான். "இங்கே வெச்சு இழுத்தேன்."

பெருந்தேவி அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு அவனிடம் நகர்ந்தாள்.

"டக்குனு ஒரு சத்தம். அவ்வளவுதான். வெடிக்கலை. இன்னொரு தரம் இழுக்கத் தைரியம் வரலைப்பா."

ராமானுஜம் குனிந்து தோட்டாவை எடுத்துத் திருப்பினார். அடிப்பக்கம் பளபளவென்று இருந்தது. ஒரு தழும்பில்லை. உள்ளே நழுவிப் போயிருந்ததால் ரிவால்வரின் சுத்தியலுக்கு அது எட்டவே இல்லை.

மற்ற ஐந்தில் எது வந்து நின்றிருந்தாலும் நேற்று மத்தியானமே பிள்ளை போயிருப்பான்.

எவனோ ஒருவனைத் தூக்குக்கு அனுப்ப இருந்த தோட்டா, இவனை உயிரோடு வைத்திருந்தது. பெருந்தேவி மகனின் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ராமானுஜமும் யூனிபாரத்தோடு தரையில் உட்கார்ந்து அழுதார்.

பிறகு எழுந்தார்.

"சட்டையைப் போட்டுண்டு வாடா."

"ஏன்னா…" என்றாள் பெருந்தேவி.

"அங்கே ஒருத்தி வாசல்லே உட்கார்ந்திருக்கா. அவளுக்குப் பதில் சொல்லணும்."

●

ஸ்டேஷன் தாழ்வாரம். பகல் பன்னிரண்டு மணி.

தேசப்பனை வெளியே விட்டிருந்தார்கள். வலது கை தூளியில் தொங்கியது. மீனாட்சி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள்.

ராமானுஜம் தொப்பியைக் கழற்றினார்.

"உன் அண்ணனைச் சுட்டது இவன். என் பையன். தெரியாம நடந்தது. இவனை நானே உள்ளே அனுப்பறேன். உன் புருஷனை நான் அடிச்சேன், அது தெரிஞ்சே நடந்தது. அதையும் எழுதி மேலே அனுப்பியாச்சு. எனக்கும் என்ன வருமோ வரட்டும்."

மீனாட்சி பட்டாபி பக்கம் திரும்பினாள்.

"ஒடனே போயிட்டானா தம்பி? இல்ல, கூப்ட்டானா யாரையாச்சும்?"

"பக்கத்திலே போறச்சே… மூச்சு இல்லைங்க."

"அந்த மட்டும் சரி." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு வருசத்துல உங்க வூட்டுக்குப் புள்ள வந்துடும் சாமி. எனக்கு அண்ணன் வராது. இந்தக் கையும் இனி துடுப்பு புடிக்காது."

"நான் என்ன செஞ்சா ஆறும்னு சொல்லும்மா. செய்யறேன்."

அவள் தேசப்பனைத் தாங்கி எழுப்பினாள். இரண்டு படி இறங்கினாள். திரும்பி, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தாள். சுவரில் லத்தி, விலங்கு, துப்பாக்கி மாட்டும் மரச்சட்டம், பெரிய கடிகாரம் எல்லாம் ஒழுங்காக மாட்டியிருந்தன. மேஜைமேல் இருந்த பத்தர் தராசைக் காசிநாதன் திருப்பிக் கொடுப்பதற்காகத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எரவல் வாங்கினதக் குடுத்துட்டு, சொந்தமா ஒரு தராசு வாங்கி வச்சுக்க சாமி. இந்தக் கடையில அது ஒண்ணுதான் இல்ல."